சைமியின் ரத்தம் சொன்ன சேதி

கோய்வுவாரா,
மார்ச் மாதக் கடைசி

அன்பு மகன் இல்போவுக்கு, உன் சித்தப்பா தௌனோ எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று முதல் வரியை எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்குவது என் வழக்கம், இந்தத் தடவை பேனாவை வைத்துக்கொண்டு அந்த வரிக்காக ஒரு பானைக் காப்பி தீரும்வரை உட்கார்ந்திருந்தேன், வரவில்லை. பயப்படாதே, யாரும் சாகவில்லை. உன் மகள் சைமி இதோ என் காலடியில் உட்கார்ந்து பூனைக்குக் குல்லாய் மாட்டிக்கொண்டிருக்கிறாள், உன் பெண்டாட்டி மெர்யா வேலைக்குப் போயிருக்கிறாள், ஏரியில் பனி இன்னும் லாரி போகிற அளவுக்குக் கெட்டியாக இருக்கிறது. ஆனாலும் என்னைப் பிடித்த அதிர்ச்சி இன்னும் விடவில்லை. எதற்கும் அசராத ஆள் நான், உனக்கே தெரியும், கரடி என் சவுனா ஆவிக்குளியலறை வாசலில் வந்து நின்றபோது அதைத் திட்டியே அனுப்பினவன். அப்படிப்பட்டவனை நாலு வயசுப் பிள்ளைக்குப் பரிசோதனை செய்கிற ஒரு நர்ஸ், மென்மையாக நாலு கேள்வி கேட்டு, நாற்காலியோடு சேர்த்துக் கட்டிப்போட்ட மாதிரி ஆக்கிவிட்டாள். மெர்யா போனில் உனக்குப் பாதிதான் சொல்லியிருப்பாள், அந்தச் சுரங்கத்து மலை உச்சியில் உன் போனும் பாதி வார்த்தையைத்தான் கொண்டுவரும், அதனால் முழுவதையும் நான் எழுதுகிறேன், உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்காதே, படியேறிக்கொண்டு கண்டிப்பாகப் படிக்காதே.

சைமிக்கு நாலு வயது முடிந்ததல்லவா, குழந்தை நல நிலையத்தில் அந்த வயதுக்கான பெரிய பரிசோதனைக்கு நாள் கொடுத்திருந்தார்கள். மெர்யாவுக்கு அன்றைக்குப் பார்த்து பால் பண்ணையில் வெண்ணெய்ப் பிரிவில் ஆள் இல்லை. நான் கூட்டிப்போகிறேன் என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்து, "மாமா, அங்க போய் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, போதும்" என்றாள். நான் எப்போதாவது கேட்காததைப் பேசியிருக்கிறேனா? அன்று அடித்த பனிப்புயலில் நகராட்சியின் பனி வாரும் வண்டியே பள்ளத்தில் கிடந்தது, நான் ஒற்றைக் கையால் வண்டியை ஓட்டி, மறு கையால் பிள்ளைக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்து, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே போய் நின்றேன். உள்ளே இருந்த தாய்மார்கள் எல்லோரும், இந்த வயதில் இப்படி ஒரு மனிதனா என்று வாயைப் பிளந்தார்கள். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுச் சாக்ஸோடு உள்ளே போனோம். என் சாக்ஸில் பின்பக்கம் குதிகாலுக்கு மேலே ஒரு பெரிய ஓட்டை, அதை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் வேறு சாக்ஸ் போட்டிருப்பேன், வேறு சாக்ஸ் போட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

நர்ஸ் யார் தெரியுமா, ரீக்கா, என்னோடு பனிச்சறுக்குப் போட்டிகளில் எப்போதும் எனக்குப் பின்னால் வந்த ஒன்னி இருக்கிறானே, அவன் மகள். சின்னதில் உன்னோடு ஏரிக்கரையில் மீன் பிடித்துத் தூண்டிலை உன் காதில் மாட்டிவிட்டவள். இப்போது பார்த்தால் அவ்வளவு நிதானம். சைமியை ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னாள், நம் பிள்ளை நிறுத்தச் சொல்லும்வரை குதித்தது, நிறுத்தச் சொன்ன பிறகும் குதித்தது. கட்டைகளை அடுக்கச் சொன்னாள், ரயில் செய்யச் சொன்னாள், படத்தைப் பார்த்துக் கதை சொல்லச் சொன்னாள், அதில் பிள்ளை என்னையே மிஞ்சிவிட்டது. உயரம், எடை, கண், காது எல்லாம் பார்த்தாள். குட்டிக் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தபோது, "இது என் கையக் கட்டிப்பிடிக்குது" என்று சிரித்தது. இந்த நிலையத்திலேயே இவள்தான் முதல் மதிப்பெண்ணா என்று கேட்டேன். "மாமா, இங்க மதிப்பெண்ணே கெடையாது" என்றாள் ரீக்கா. இருந்திருந்தால் இவள்தான் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

அப்புறம் வீட்டில் என்ன சாப்பிடுகிறாள், எவ்வளவு ஓடியாடுகிறாள், வீட்டில் யாராவது புகைபிடிப்பார்களா என்றெல்லாம் கேட்டாள். நல்லபடியாகத்தான் சொன்னேன், வெண்ணெய் மட்டும் நம் வீட்டில் ரொட்டிக்கு மேல் ரொட்டி கனத்துக்கு இருக்கும் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். கடைசியாக, குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா என்று கேட்டாள். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்க குடும்பத்துல யாருக்கும் அது வந்ததே இல்லம்மா, அது வர்ற வரைக்கும் எங்க ஆம்பளைங்க காத்திருக்கறதில்ல, அதுக்கு முன்னாடியே வீரமா போய்ச் சேந்துடுவாங்க" என்றேன். அவள் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள், கை நின்றுவிட்டது. "எப்படிப் போய்ச் சேந்தாங்க, சொல்லுங்க மாமா, கேப்போம்" என்றாள்.

இப்படி ஒருத்தி கேட்டால் நான் விடுவேனா? அப்பா ஏமெலி, அதாவது உன் தாத்தா, திருச்சபைப் பனிச்சறுக்குப் போட்டியில் இரண்டாவது வந்தவன் கண்ணுக்கே தெரியாத தூரம் முன்னால் வந்து, எல்லைக் கோட்டைத் தாண்டி, சிரித்த முகத்தோடு பனியில் சாய்ந்ததைச் சொன்னேன். மூச்சு நின்ற பிறகுதான் முதல் பரிசை நெஞ்சில் வைத்தார்கள் என்றேன். என் பெரியப்பா வில்ஹோ, நாலு பேர் தூக்க வேண்டிய கடமானைச் சதுப்பிலிருந்து தனியாளாகத் தோளில் சுமந்து வந்து, பாதையில் பக்குவமாக இறக்கி வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே படுத்து எழுந்திருக்காததைச் சொன்னேன். உன் அப்பா ரெய்னோவை விடுவேனா, சவுனாவில் அவன் ஊற்றிய தண்ணீருக்கு எழுந்த ஆவியில் மற்ற எல்லோரும் அம்மணமாக ஏரிக்கு ஓட, அவன் ஒருவன் மட்டும் கடைசிவரை மேல்பலகையில் உட்கார்ந்து ஜெயித்து, பிறகு மெதுவாக வெளியே வந்து படியில் உட்கார்ந்ததைச் சொன்னேன். "உக்காந்து என்ன சொன்னார்?" என்றாள். "தாடை வலிக்குது, இடது கை வலிக்குதுன்னான், காலைல அவ்ளோ வெறகு வெட்டியிருந்தான்ல" என்றேன். அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டாள். "மாமா, எல்லாமே நல்ல கதை. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்க அப்பாவுக்கு அப்ப என்ன வயசு?" நாற்பத்தாறு என்றேன். பெரியப்பாவுக்கு? நாற்பத்துமூன்று. அண்ணன் ரெய்னோவுக்கு? நாற்பத்தொன்று. "அப்ப உங்க வீட்டு ஆம்பளைங்கள்ல வயசாகிச் செத்தவங்களே இல்லையா?" என்றாள். படுக்கையில் கிடந்து இருமிச் சாகிற பழக்கமே எங்கள் வம்சத்தில் கிடையாது, எனக்கு அறுபத்தொன்று ஆகிறது, அதுவே ஒரு சாதனை என்றேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன் இல்போ. அவள் சிரிக்கவில்லை. ஒன்னியின் மகள், என் நகைச்சுவைக்குச் சின்ன வயதிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தவள், சிரிக்கவில்லை.

அவள் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாக்ஸின் ஓட்டை வழியாக நம் பெசோனன் வம்சத்துக் குதிகால் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. "மாமா, அந்த சாக்ஸக் கொஞ்சம் கழட்டறீங்களா?" என்றாள். நானோ, ஒன்னி வீட்டில் இதைப் பற்றி நிறையப் பேசியிருப்பான், பொறாமைப்பட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டு இரண்டு காலையும் காட்டினேன். குதிகாலுக்கு மேலே பின்பக்கம் போகிற நாண் மற்றவர்களுக்குச் சுண்டுவிரல் மாதிரி இருக்கும், நமக்குக் கட்டைவிரலை இரண்டு சேர்த்தாற்போல் திரண்டு நிற்கும், சறுக்கு வீரர்களுக்கு ஆண்டவன் வைத்த முத்திரை, செருப்பு தைக்கிறவன் எங்களுக்கென்று தனி அச்சு வைத்திருந்தான், ஒவ்வொரு நடுக்கோடைப் பண்டிகைக்கும் ஆண்கள் எல்லோரும் வரிசையாகக் காலை நீட்டி அளந்து பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் முட்டி போட்டு உட்கார்ந்து அந்த இடத்தை விரலால் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தாள். கை முட்டிகளையும் தடவிப் பார்த்தாள், கண்ணோரத்தையும் பார்த்தாள். "வேற யாருக்கு இப்படி இருக்கு?" என்றாள். அப்பாவுக்கு இருந்தது, ரெய்னோவுக்கு இருந்தது, இல்போவுக்கு எங்கள் எல்லோரையும்விடத் தடிமன், கல்யாணத்தன்றைக்கு மேசை மேல் ஏறி நின்று எல்லோருக்கும் காட்டினான் என்றேன். அப்போது சைமி ஓடிவந்து தன் சாக்ஸையும் கழற்றிப் போட்டுவிட்டு, தன் குட்டிக் குதிகாலைத் தடவிக் காட்டி, "எனக்கு இன்னும் வரல, ஸ்கூலுக்குப் போனா வந்துடும்னு தாத்தா சொல்லிருக்காரு" என்றது. ரீக்கா பிள்ளையின் காலைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். பிறகு அந்தச் சாக்ஸைத் தானே மாட்டிவிட்டு, "வரக் கூடாது கண்ணு, வராம பாத்துக்குவோம்" என்றாள்.

வரக் கூடாதா! நான் எழுந்தே நின்றுவிட்டேன். என்னம்மா சொல்கிறாய், இது எங்கள் குலப்பெருமை என்றேன். உட்காருங்கள் என்றாள். சொன்னாள். மகனே, அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இதில் என் கைவரிசை எதுவும் இல்லை. இது வீரமும் இல்லை சறுக்கு வீரர் முத்திரையும் இல்லையாம், கொழுப்பாம். ரத்தத்தில் இருக்கிற கெட்ட கொழுப்பை வெளியேற்றத் தெரியாத ஒரு பிறவிக் குறை சில குடும்பங்களில் வழிவழியாக வருமாம், நம் பக்கத்துக் காடுகளில் அது கொஞ்சம் கூடுதலாகவே உண்டாம். போக வழியில்லாத கொழுப்பு நாணில் போய் உட்காருமாம், இதயத்துக்குப் போகிற குழாயிலும் போய் உட்காருமாம். "குதிகால்ல இருக்கறது கண்ணுக்குத் தெரியுது மாமா, உள்ள இருக்கறது தெரியாது. நான் டாக்டர் இல்ல, ரத்தம் பாக்காம எதையும் முடிவா சொல்ல மாட்டேன். ஆனா சைமிக்குப் பாத்தே ஆகணும், உங்களுக்கும்" என்றாள். நாலு வயசு இல்போ! பால் பல் ஒன்றுகூட ஆடவில்லை. அதன் நெஞ்சைப் பற்றிப் பேசுகிறாள். எனக்குக் காதில் வண்டு புகுந்த மாதிரி ஆகிவிட்டது. திரும்பும்போது புயல் நின்று வெயில் அடித்தது, நான் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மாட்டு வண்டி மாதிரி ஓட்டிவந்தேன்.

வீட்டுக்கு வந்து மெர்யாவிடம் சொன்னதும் அவள் கையிலிருந்த பிராக்கா அப்பத் தட்டைத் தொப்பென்று வைத்தாள். "எது பெருமை, எது வியாதின்னு தெரிஞ்சுக்காமலே இத்தன தலைமுறை சறுக்கிட்டுத் திரிஞ்சிருக்கீங்களே மாமா! என் புருஷன் கல்யாணத்துல வியாதிய மேசை மேல ஏத்திக் காட்டுனான், நானும் கை தட்டினேன்!" என்று கத்தினாள். பிறகு அழுதாள். பிறகு பால் பண்ணையிலிருந்து கொண்டுவந்த வெண்ணெய் முழுவதையும் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டாள், அந்த நாய் என்னைப் பார்த்தால் இப்போது எழுந்து நின்று மரியாதை செய்கிறது. மறுவாரம் மூன்று பேரும் ரத்தம் கொடுத்தோம். சைமி ஊசியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது, மயக்கம் போட்டது யார் என்று கேட்காதே, காலையில் நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

முடிவு வந்தது. அந்தக் கெட்ட கொழுப்பு இங்கே அளக்கிற அளவில் சாதாரணமாக மூன்றுக்குள் இருக்க வேண்டுமாம். எனக்கு எட்டுக்கு மேல். கேட்டதும், இந்த வட்டாரத்திலேயே இவ்வளவு யாருக்காவது உண்டா என்று கேட்கத்தான் வாய் வந்தது, பழக்க தோஷம், டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். விறகு பிளக்கும்போது நெஞ்சில் கஞ்சி அடைத்த மாதிரி இருக்குமே, நின்றால் போய்விடுமே, அது கஞ்சி இல்லையாம். "நீங்க இன்னும் உயிரோட இருக்கறதே பெரிய விஷயம்" என்றார் டாக்டர், அதை அவர் பாராட்டாகச் சொல்லவில்லை என்பது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள், கோடாரியைத் தொடக் கூடாது. இது என் விஷயம், விடு.

சைமிக்கு ஆறைத் தாண்டி. எழுதியதை நானே மறுபடி படித்துப் பார்க்கிறேன், ஆறைத் தாண்டி. ஓடுகிறாள், குதிக்கிறாள், கன்னம் இரண்டும் காட்டுப்பழம் மாதிரி சிவந்திருக்கிறது, எனக்கு ஒன்றும் புரியவில்லை. ரீக்கா வீட்டுக்கே வந்து சமையலறையில் உட்கார்ந்து மெர்யாவுக்குத் தைரியம் சொன்னாள். பிள்ளைக்கு இப்போது எந்தக் கெடுதலும் ஆகிவிடவில்லை, சாப்பாட்டை மாற்றிக்கொண்டு, ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டு, இன்னும் சில வருடம் போய் டாக்டர் சொல்லும்போது மாத்திரை ஆரம்பித்தால், எல்லோரையும்போல நரைத்து, பல்போய், பேரன் பேத்திகளைத் திட்டிக்கொண்டு இருப்பாள் என்றாள். "இவ்ளோ சின்னதுல கெடைச்சது அதிர்ஷ்டம். கெடைக்காம போனாத்தான் கதை வேற" என்றாள். மெர்யா அப்போதுதான் சரியாக மூச்சு விட்டாள். நானும் விட்டேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பிறகு மெர்யா தன் ரத்தத்தைப் பற்றிக் கேட்டாள். இரண்டரை. சுத்தம். சரி என்று நான் காப்பியை ஊற்றினேன். ரீக்கா காப்பியைத் தொடவில்லை. "மெர்யா, உன்கிட்ட இல்ல. இது அம்மா இல்லன்னா அப்பா, ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்டயிருந்துதான் பிள்ளைக்கு வரும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இல்போ, சைமியின் விரலளவு குழாயில் எடுத்த ரத்தம், பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற உன் நெஞ்சைப் பற்றிச் சொல்லிவிட்டது. நாங்கள் பிள்ளையைக் காட்டத்தான் போனோம். பிள்ளை உன்னைக் காட்டிக்கொடுத்தது.

அந்த நேரம் எனக்கு எது ஞாபகம் வந்தது தெரியுமா, கிறிஸ்துமஸுக்கு நீ எழுதியிருந்தது. மேல் முகாமில் இரும்புப் படி ஏறும்போது நெஞ்சை யாரோ பட்டை போட்டு இறுக்குகிற மாதிரி இருக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது, அந்த உயரத்தில் காற்று குறைவு, எல்லோருக்கும் அப்படித்தான் என்று எழுதியிருந்தாயே. நான் அதைக் கடைக்கு எடுத்துப்போய், பாருங்கடா எங்கள் பிள்ளை எவ்வளவு உயரத்தில் வேலை செய்கிறான் என்று எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். காற்றாகவும் இருக்கலாம். ரீக்காவும் அதைத்தான் சொன்னாள், காற்றாகவும் இருக்கலாம், ஆனால் இந்தக் குடும்பத்தில், இந்த வயதில், இந்தக் குதிகாலோடு, காற்று என்று சொல்லிவிட்டுப் போக நான் விடமாட்டேன் என்றாள். உனக்கு ஜூலையில் முப்பத்தொன்பது. ரெய்னோ நாற்பத்தொன்று. நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன்தான், அதில் நஷ்டம் பள்ளிக்கூடத்துக்கு, ஆனாலும் இந்தக் கழித்தல் கணக்கு எனக்குப் போடத் தெரிகிறது.

அதனால் பத்து வயதிலிருந்து உன்னை வளர்த்த உரிமையில் சொல்கிறேன், கேள். இந்தக் கடிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு நேராகச் சுரங்கத்து டாக்டரிடம் போ. மேல் முகாமுக்குப் போய் வேலையை ஒப்படைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லாதே, ஒப்படைக்க வேண்டியதை அவர்கள் கீழே வந்து வாங்கிக்கொள்ளட்டும். சாக்ஸைக் கழற்றிக் குதிகாலைக் காட்டு. உன் அப்பாவும் தாத்தாவும் எப்படிச் செத்தார்கள் என்று கேட்டால் வயதை மட்டும் சொல், சவுனாவைப் பற்றியும் போட்டியைப் பற்றியும் ஆரம்பிக்காதே, அவர்கள் ஸ்பானிஷில் அதை ரசித்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள், நேரம் போகும். நெஞ்சை இறுக்குவதை மறைக்காதே. நாம் வலியைச் சொல்லாத ஜாதி, தெரியும், அதனால்தான் நம் வீட்டில் விதவைகள் அதிகம். வெட்கமாக இருந்தால், உன் நாலு வயசு மகள் அழாமல் கையை நீட்டினாள் என்பதை நினைத்துக்கொண்டு நீயும் நீட்டு. கொழுத்த மாட்டிறைச்சியை விடு, அங்கே கிடைக்கிற மீனைத் தின்னு. ஜெயிக்கிறேன் பார் என்று எவனோடும் மலையேறாதே.

இன்னொன்று. நீ போகாமல் இழுத்தடித்தால் நான் கிளம்பி வருவேன். டாக்டர் விமானம் ஏறக் கூடாது என்கிறார், அதற்காகத்தான் சொல்கிறேன், என்னை ஏற வைக்காதே. நான் சுவீடன் கப்பலில் பதினேழு தடவை போனதாக உனக்குச் சொல்லியிருக்கிறேன், அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம், பாஸ்போர்ட் என்று ஒன்று என் பேரில் இப்போதுதான் முதல் முறையாக வந்திருக்கிறது. மேசைமேல் இருக்கிறது. படத்தில் திருடன் மாதிரி இருக்கிறேன். வருவேன் என்றால் வருவேன், இறந்தே வந்தாலும் உன்னைக் கீழே இறக்கிவிட்டுத்தான் போவேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உன் பெயருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன், சைமி அதை ஊதி அணைத்துவிட்டது, மறுபடி ஏற்றினேன், அதையும் சேர்த்து இரண்டாகக் கணக்கு வைத்துக்கொள். ஆண்டவன் உன் நெஞ்சின் மேல் கை வைத்துக் காக்கட்டும், உன் கால் சமதரையில் படட்டும், உன் பிள்ளையின் கல்யாணத்துக்கு நீ நரைத்த தலையோடு ஆடு. மறக்காதே, ரத்தம் பார்த்ததும் எண் என்ன என்று எனக்கு எழுது. எண் மட்டும் போதும். எப்படிப் போனாய், டாக்டர் உன்னைப் பார்த்து எப்படி அசந்தார் என்பதெல்லாம் எனக்கு வேண்டாம், இந்த ஒரு தடவை.

உன் வரவை எதிர்பார்த்து வாசலைப் பார்த்தபடி இருக்கும்,
உன் சித்தப்பா
தௌனோ பெசோனன்

இல்போ, தபாலில் போடுவதற்குமுன் படித்தேன். மற்றதெல்லாம் மாமாவின் கணக்கு, அதை உனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியும். ஆறும் எட்டும் ஆய்வகத்தின் கணக்கு. நாளைக்கு இல்லை, இன்றைக்கே இறங்கிவிடு. — மெர்யா